பசிக்குது சித்தி

இப்போது வரும் படங்களில் சித்திகள் நல்லவர்கள். இடைவேளைவரை பிள்ளைகள் முறைத்துக்கொள்கிறார்கள். பிறகு ஒரு பாட்டு. பாட்டு முடியும்போது அப்பாவின் பிள்ளைகளும் சித்தியின் பிள்ளைகளும் ஒரே காரில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தால், வயதாகிவிட்ட அவளுக்குக் கொட்டாவி வரும்.

"ஒரே பாட்டுல முடிச்சுட்டானுங்க பாரு."

"நமக்கு எத்தனை பாட்டு ஆச்சு, சித்தி?" என்பாள் மகள். அவளுக்கே தலையில் நரை விழுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் சித்தி என்றால் கொடுமைக்காரி. வேறு வகை கிடையாது. தமிழுக்கு வரும் பிறமொழிப் படங்களுக்கு அவள் குரல் கொடுத்தாள். அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தக் குரலுக்கு எப்போதும் அதே வேடம்தான். ஒலிப்பதிவாளர் அவளுக்கு வைத்த பெயர் விஷம். "விஷம் வந்தாச்சா? டீ சொல்லுங்கப்பா, தொண்டைய நனைக்கட்டும்." அவளுக்கு அதில் பெருமைதான். தியேட்டரில் பெண்கள் தன்னைச் சபிப்பதைக் கேட்கவே டிக்கெட் வாங்கிப் போவாள். அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பஸ் ஓட்டுநர், மனைவியை இழந்தவர். கூடவே முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை. "பேசறதுதான் சித்தின்னா வாழ்றதும் சித்தியா?" என்று ஸ்டூடியோவே சிரித்தது.

வீடு சின்னது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வசனம் பழகுவாள். ஒருநாள் காலை குழாயில் தண்ணீர் நின்றுபோனது. அவள் நிறுத்தவில்லை. துண்டோடு வெளியே காத்திருந்த குழந்தைக்குத் தெளிவாகக் கேட்டது:

"பால்ல கலந்துட்டேன். குடிக்கட்டும், பீடை ஒழியும்."

அன்றிலிருந்து அவள் கையால் கொடுத்த எதையும் அது தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் தோழிகளிடம் வாங்கித் தின்றது. இரவில் அப்பாவின் தட்டிலிருந்து, அவர் தின்ற பக்கமாகப் பார்த்து எடுத்துத் தின்றது. கன்னம் ஒட்டிப்போனது. அவர்தான் மடியில் வைத்துக் கெஞ்சி விஷயத்தை வாங்கினார்.

"குழந்தை இருக்கிற வீட்லயா இதெல்லாம் பழகுவே?"

"சினிமா வசனங்க அது!"

"என்கிட்ட சொல்லி என்ன? அதுகிட்ட சொல்லு."

சொன்னாள். குழந்தை பெரிய மனுஷி மாதிரி தலையாட்டியது. பாலை மட்டும் தொடவில்லை. அதன் எதிரிலேயே பாதி குடித்துக் காட்டினாள். மீதிப் பாதியில் ஆடை படிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனாள். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் பக்கத்தில் அதை உட்காரவைத்துவிட்டு, உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் நகை பூட்டிய ஒரு நடிகை சத்தமில்லாமல் வாயசைத்தாள். வசனம் இதுதான்: "உங்கம்மா செத்தது இந்த வீட்டுக்கே நிம்மதி."

கண்ணாடியில் அந்தச் சின்ன முகம் தெரிந்தது. அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன விஷம், உதட்டசைவு போயிடுச்சே!"

படத்துண்டு மறுபடி ஓடியது. குரல் வந்தது, குழைந்து வந்தது.

"தாலாட்டா பாடுறே? திட்டும்மா!"

வசனத் தாளைக் கீழே வைத்துவிட்டாள். "குழந்தை முன்னாடி சொல்ல முடியாதுண்ணே. வேற ஆளைப் போட்டுக்குங்க."

ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். உள்ளே இருப்பவர்களோடு பேச அவர் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. எக்கி அதை அழுத்தியது.

அவள் காதுக்குள் குரல் கேட்டது.

"சித்தி, படத்துல அந்தம்மாதானே திட்டறாங்க? சீக்கிரம் திட்டி முடிங்க. பசிக்குது."

திட்டினாள். நடிகையின் உதட்டசைவில் குரல் சரியாக உட்கார்ந்தது.

பிறகு ஸ்டூடியோ படிக்கட்டில் வைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பிசைந்து ஒரு வாய் ஊட்டினாள். குழந்தை மென்று விழுங்கிவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"உப்பு பத்தலை," என்றது.