ஐம்பத்தெட்டுக் கிலோவுக்குள் இருந்தவை

மூச்சில் குறை இருப்பதை எனக்கு முதலில் காட்டியது முற்றுப்புள்ளி.

ஏழாம் தரத்துக்குச் சொல்வதெழுதல் கொடுத்திருந்தேன். இருபத்தேழு கொப்பிகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினேன். மூன்றாவது வசனத்தின் நடுவில், முடியவே முடியாத இடத்தில், எல்லாரும் புள்ளி வைத்திருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று கோபப்பட்டேன். மறுநாள் கேட்டபோது முன்வாங்கில் இருக்கும் ஒருத்தி எழும்பினாள்.

"நீங்கள் அதிலைதான் நிப்பாட்டினீங்கள் ரீச்சர். நிப்பாட்டி மூச்சு வாங்கினீங்கள்."

எனக்கு அது தெரியாது. என் உடம்பு செய்த ஒன்றை இருபத்தேழு பிள்ளைகள் எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

எனக்கு ஐம்பத்தொரு வயது. விசுவமடுப் பக்கம் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். சைக்கிளில்தான் போய் வருவேன். அந்த ஆவணியில் மதகடி ஏற்றத்தில் இறங்கி உருட்டத் தொடங்கியிருந்தேன். சிறுபோக அறுவடைத் தூசி என்றேன். வெயில் என்றேன். வயது என்றேன். காரணங்களுக்கு என்னிடம் பஞ்சமில்லை.

வேறொரு சிக்கலும் இருந்தது. தொப்புளுக்கு மேலே தேசிக்காய் (எலுமிச்சை) அளவில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். குடலிறக்கம் (வயிற்றுத் தசையின் பலவீனமான இடத்தால் உள்ளே இருப்பது வெளியே தள்ளுவது) என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். ஒருநாள் குடல் அதில் சிக்கிக்கொண்டால் அவசரமாக வெட்டவேண்டி வரும், அதற்கு முன் ஆறுதலாகத் தைத்துவிடலாம் என்று திகதி தந்தார். திகதிக்கு முன் மயக்க மருந்து வைத்தியரைப் பார்க்கவேண்டும்.

அவர் என்னை ஊதச் சொன்னார். ஒரு குழாயை வாயில் வைத்து, மூக்கைக் கிளிப்பால் அடைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் ஊதவேண்டும் (நுரையீரல் எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே விடுகிறது என்று பார்க்கும் சோதனை). இருபத்தைந்து வருடம் வகுப்பில் கத்தியவள், இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். மூன்று தரம் ஊதினேன். மூன்று தரமும் அவர் முகம் மாறவில்லை.

"நெஞ்சு முழுசா விரியேல்லை ரீச்சர்."

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சளியில் ஒன்றுமில்லை. இழுப்பு இல்லை. நிறை ஐம்பத்தெட்டுக் கிலோ, என் உயரத்துக்குச் சரியான அளவு. ஆனால் அவர் ஒரு நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றி அளந்தார்.

"வயிறு கூடிப்போச்சு. அது மேலை தள்ளுது. இதோடை மயக்க மருந்து தர எனக்குப் பயமா இருக்கு. வயித்தைக் குறைச்சுக்கொண்டு ரெண்டு மாதத்திலை வாங்கோ."

வேறும் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்டது 'குறைச்சுக்கொண்டு' என்ற சொல் மட்டுந்தான்.

அதற்குள் கந்தசஷ்டி வந்தது. என் கணவரின் அக்கா, என் மச்சாள், பக்கத்துக் காணியில் இருக்கிறா. வைத்தியர் சொன்னதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டா. "பாத்தீரே, முருகனே வழி காட்டிறார். ஆறு நாளும் பிடியும்."

பிடித்தேன். இளநீர், ஒரு வாழைப்பழம், பொழுதுபட்டால் அரைத் தம்ளர் பால். ஏழாம் நாள் பாறணை முடிந்தும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை. காலையில் கஞ்சி, பகலில் ஒரு பிடி சோறும் கீரையும். முட்டை இல்லை, மீன் இல்லை. இறக்கம் உள்ள ஆள் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்று கணவர் சைக்கிளைப் பூட்டித் திறப்பைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். மோட்டார்சைக்கிளில் ஏற்றி இறக்கினார். நான் இருந்தேன், படுத்தேன், குறைந்தேன்.

மருந்தகத்துத் தராசில் ஐம்பத்துமூன்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மச்சாள் வேலிக்கு மேலால் பார்த்துச் சொன்னா: "என்ன மச்சாள், முகம் வத்திப்போச்சு! ஆரும் பாத்தால் என்ரை தம்பி சோறு போடேல்லையெண்டு நினைப்பினம்."

"நீங்கள்தானே விரதம் பிடிக்கச் சொன்னது?"

"விரதம் பிடிக்கத்தான் சொன்னனான். காத்தைக் குடிச்சுச் சீவிக்கச் சொல்லேல்லை."

எங்கள் ஊரில் உடம்பு வைத்தவரைப் பார்த்தால் மனம் ஆறும், மெலிந்தவரைப் பார்த்தால் பதறும். யுத்தம் முடிந்து முகாமில் எலும்பாய்க் கிடந்த வருடங்களுக்குப் பிறகு அது அப்படித்தான். அவவின் பதற்றத்தை அந்தக் கணக்கில் போட்டுவிட்டேன். ஆனால் ஒன்று உறுத்தியது. சட்டை கையில் தொளதொளத்தது, பாவாடை நாடா பழைய இடத்திலேயே நின்றது. ஜாம் போத்தல் மூடியைத் திருகக் கணவரைக் கூப்பிட்டேன். கிணற்றடிக்குப் போய் வர இரண்டு தரம் நின்றேன். குறைந்திருக்கிறேன், ஆனால் மூச்சு ஏன் கூடவில்லை?

இரண்டாம் தரம் ஊதியபோது எண்கள் முந்தியதைவிடக் கீழே போயிருந்தன.

வைத்தியர் என்னை ஓர் இயந்திரத்துக்கு அனுப்பினார். வெறுங்காலுடன் உலோகத் தட்டில் ஏறி, இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று கணித்து ஒரு துண்டு துப்பியது. அதை மேசையில் விரித்து வைத்தார்.

"அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கிறன் டொக்டர்," என்றேன், பரீட்சையில் கேட்காத கேள்விக்கு விடை எழுதும் பிள்ளைபோல.

"ஓம். ஆனால் இடுப்பளவு அப்பிடியே நிக்குது, கொழுப்பு கொஞ்சந்தான் போயிருக்கு. போனதிலை கூடுதல் தசைதான்."

நுரையீரல் தானாக விரிவதில்லை என்றார். பிரிமென்றகடும் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் தகடு) விலாவுக்கு இடையிலுள்ள தசைகளும் இழுத்தால்தான் விரியும். குடலைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு அந்தத் தகடு கீழே இறங்க இடம் விடாமல் நிற்கிறது. நானோ பட்டினி கிடந்தும் படுத்திருந்தும், இழுக்கிற தசையையும் தின்றுவிட்டேன்.

"இப்ப வெட்டினால் பிறகு இருமக்கூடப் பலம் காணாது. சளி தங்கி நிமோனியா வந்தால் என்ன செய்யிறது?"

கணவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்ப விரதம் பிழையோ டொக்டர்?"

"ஐயா, முருகனை இதுக்குள்ளை இழுக்காதேங்கோ. ஆறு நாளோடை முடிஞ்சிருந்தால் இவ்வளவு வந்திராது. சைக்கிளையும் பூட்டி வைச்சனீங்களாம்?"

கணவரின் கை இடுப்புத் திறப்பைத் தொட்டது.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் என்று நினைத்தது ஒன்று. அதற்குள் இத்தனை பேர் குடியிருக்கிறார்கள், ஒருவர் இடத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு. எவரை வளர்ப்பது, எவரை விரட்டுவது? சோற்றைப் பார்த்தால் பயம், சோற்றை விட்டாலும் பயம். இதை வாசிக்கும் உங்களில் ஒருவர் இந்தக் குழப்பத்தில் இருந்தால், நான் தெளிந்தவள் என்று நினைக்காதீர்கள். தராசை மட்டும் நம்பாதீர்கள், 'குறை' என்று சொன்னால் 'எதை?' என்று கேளுங்கள். இவ்வளவுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

எனக்குச் சொன்னவை இவை. நாளுக்கு இரண்டு முட்டை. அவித்த பயறு. மீன். நாயாற்றுப் பக்கமிருந்து மீன் கொண்டுவரும் மோட்டார்சைக்கிள்காரர் எங்கள் படலையில் மறுபடி ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார். சோறும் சீனியும் பாதி. பாரம் தூக்காமல், வயிற்றுப் பட்டி கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழும்புவது. குளக்கட்டில் நடப்பது. உதட்டைக் குவித்து மெல்ல ஊதி விடுவது. உங்கள் உடம்புக்கு இது பொருந்துமோ தெரியாது, உங்கள் வைத்தியர் சொல்லவேண்டும்.

"நடக்கேக்கை ஒரு முழு வசனம் கதைச்சுப் பாருங்கோ. முறியாமல் வந்தால் அண்டைக்குச் சரி," என்றிருந்தார் வைத்தியர்.

கணவர் கூட வந்தார். முதல் கிழமை என் வசனங்கள் இரண்டு சொல்லில் நின்றன. "தண்ணி... வத்திப்போச்சு." "அந்தக் கொக்கு... பாருங்கோ." இருபத்தெட்டு வருடத்தில் இப்படி அமைதியாக நான் நடந்ததில்லை என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க மூச்சு இல்லை, ஆத்திரப்படவும் இல்லை. சில நாள் கட்டின் பாதிவரை போவேன். சில நாள் காரணமே இல்லாமல் கட்டின் முதல் கல்லிலேயே இருந்துவிடுவேன். ஐந்தாம் கிழமை நிறை கூடியது. தராசில் நின்றபடி அழுதேன். கூடியது எது என்று தராசுக்குத் தெரியாதே.

நான்கு மாதம் போனது. ஊதினேன். முழு அளவு இல்லை, "ஆனால் காணும்," என்றார் மயக்க மருந்து வைத்தியர். போதும் என்று அர்த்தம் தரும் அந்தச் சொல்லை அவ்வளவு அழகாக நான் கேட்டதில்லை. வெட்டித் தைத்தார்கள். கண் விழித்ததும் தாதி ஒரு தலையணையைத் தந்து, வயிற்றில் அமத்திக்கொண்டு இருமச் சொன்னா. இருமினேன். உயிர் போகிற நோ. ஆனால் இருமல் முழுதாக வந்தது.

வெட்டி ஆறாம் கிழமை அதே மருந்தகத்துத் தராசில் ஏறினேன். முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

கணவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சாரும், இது பழைய நிறைதானே! அப்ப இவ்வளவு காலமும் என்னத்தைச் செய்தனாங்கள்?"

எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. பாவாடை நாடாவின் முடிச்சு இரண்டு விரல் உள்ளே போயிருந்தது. போத்தல் மூடி திறபட்டது. எண் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வருடம் எங்கே போனது என்று அதனிடம் கேட்க முடியாது.

பாடசாலைக்குத் திரும்பினேன். அதே பிள்ளைகள், இப்போது எட்டாம் தரம். சொல்வதெழுதலுக்கு அதே பந்தியை எடுத்தேன். மூன்றாவது வசனத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். கடைசிச் சொல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் வந்து சேர்ந்தது.

கொப்பிகளைத் திருத்தினேன். இருபத்தாறில் புள்ளி கடைசியில் இருந்தது. ஒன்றில் மட்டும் பழைய இடத்திலேயே, நடுவில். முன்வாங்குக்காரியுடைய கொப்பி. கூப்பிட்டேன்.

"நான் இதிலை நிக்கேல்லையே, பிள்ளை?"

"இல்லை ரீச்சர். ஆனால் நீங்கள் நிப்பீங்களெண்டு நான் நிண்டனான்."

சிவப்புப் பேனை கையில் இருந்தது. அந்தப் புள்ளியை நான் வெட்டவில்லை. அதில் ஒரு தரம் நின்று, மூச்சை இழுத்து, அடுத்த கொப்பியை எடுத்தேன்.