அக்கா அள்ள வைத்த தீவு மழை

தீவுகளில் எப்போது மழை பெய்யும் என்று கணினியில் கணக்குப் போடுவது என் வேலை. லீவுக்குப் போன இடத்தில், ஏழாயிரம்பண்ணையில் அக்கா வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று.

தீவு மேகம் பொல்லாதது. காலையில் வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மதியத்துக்குள் மலை மேல் திரண்டு கொட்டிவிடும். கணக்கு தொடங்கும்போது மழை எங்கே இருக்கிறது என்றே கணினிக்குத் தெரியாது. ரேடார் பார்த்ததை அதற்கு ஊட்டினால், அடுத்த சில மணி நேரத்துக்காவது உளறாமல் இருக்கும். அன்றைக்கு ரேடார் ஊட்டாத கணக்கு மழையைக் கடலில் கொட்டியது. ஊட்டிய கணக்கோ தீவிலுள்ள ஊரின் தலையிலேயே கொட்டியது. இரண்டாவதை அங்குள்ள வானிலை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனேன்.

அக்கா பட்டாசு கம்பெனி நடத்துகிறாள். சீசன் நேரம். புஸ்வாணமெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மருந்தில் ஈரம் பட்டால் சரக்கு கெடுவதோடு நிற்காது, சூடேறி வெடித்தும் தொலைக்கும். என் திரையில் மழையைக் காட்டும் சிவப்பைப் பார்த்த அக்கா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனிக்குப் போனைப் போட்டாள்.

"மழை வருது, எல்லாத்தையும் அள்ளுங்க!"

நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது வெளியே வெயில் கொளுத்தியது. சரக்கு மொத்தமும் அறைக்குள் போய்விட்டிருந்தது.

"அக்கா, இது தீவுக்கா! சுத்தி நீலமா இருக்கு பாரு, அம்புட்டும் கடல்."

"நானும் பாத்தேன்லே. நம்ம பக்கம் இம்புட்டுத் தண்ணி ஏதுன்னு யோசிச்சேன். படிச்சவன் தப்பாவா போட்டிருப்பான்னு விட்டுட்டேன்."

ஒரு வெயில் வீணாய்ப் போனதே என்று தலையில் அடித்துக்கொண்டாள். லோடு ஏற்ற லாரி வேறு வரவிருந்தது. மறுபடி பரப்பச் சொல்லிவிட்டு வந்தவள், எனக்குச் சோறு போட்டபடியே கேட்டாள்.

"அந்தத் தீவுல என்னலே காயப்போட்டிருப்பாக?"

"கொப்பரைக்கா."

"அள்ளிட்டாகளா?"

இத்தனை வருட வேலையில் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. அவள் விடவில்லை, சாப்பிட்டு முடித்ததும் அலுவலகத்துக்குப் போன் போட வைத்தாள். நான் சொன்ன ஊரிலேயே மழை கொட்டியிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லாரும் முன்னாடியே அள்ளிவிட்டார்கள், ஒரே ஒருவர் மட்டும் வானம்தான் வெளுத்திருக்கிறதே என்று கொப்பரையை அப்படியே விட்டுவிட்டாராம்.

முன்பின் பார்த்திராத அந்த மனிதர் மேல் அக்காவுக்கு வந்ததே கோபம்!

"சொன்னா அள்ள வேணாமா? அந்த மழைக்கு இங்கன நான் அள்ளலையா?"