பதினோரு நாள் குறைவு

வீட்டுக் கடன் கேட்டுப் போன அன்று, அந்த ஆபீஸர் என் மனைவியின் சம்பளச் சீட்டைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் பார்க்க ஒன்றுமில்லை. நான் பீஸ் ரேட் டெய்லர். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று சனிக்கிழமை சாயந்திரம் காண்ட்ராக்டர் எண்ணிக் கையில் கொடுப்பார், அதோடு சரி. அவள் ஒரு பனியன் கம்பெனியில் ஷிப்ட் சம்பளத்துக்கு ஓவர்லாக் மெஷின் ஓட்டினாள். பி.எப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைப் பேங்கில் போடுவார்கள். அந்தச் சீட்டை நம்பித்தான் திருப்பூரில் அனுப்பர்பாளையத்தைத் தாண்டி ஒன்றரை சென்ட்டில் எங்களுக்கு ஒரு வீடு அமைந்தது. மாதத் தவணை பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். இருபது வருஷம்.

என் படிப்பைப் பற்றி ஆபீஸர் கேட்டபோது, ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்துக்கு நான்தான் லீவு விட்டேன், இன்னும் திறக்கவில்லை என்றேன். அவர் சிரித்துவிட்டார். மேஜைக்குக் கீழே அவள் என் தொடையைக் கிள்ளினாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. டேபிளில் எனக்கு எதிரே உட்கார்ந்து தைக்கிறவன் தினமும் ஒரு புதுப் பட்டப்பெயரோடுதான் வீட்டுக்குப் போவான். வீட்டுக்கு வந்தால் அவளிடம். அவளும் சளைத்தவள் இல்லை. நான் ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று வைத்திருப்பாள். மெதுவாகச் சொல்வாள், கடைசியில் மறக்காமல் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வாள். மரியாதையாக அடி வாங்குவது எனக்குப் பிடித்திருந்தது.

கடன் கொடுத்தவர்கள் என் போனில் ஒரு ஆப் ஏற்றிவிட்டார்கள். அதில் கடைசித் தவணைத் தேதி தெரியும். முதலில் பார்த்தபோது, அந்தத் தேதியில் எனக்கு நாற்பத்தேழு வயது. தவணைக்கு மேலே கையில் இருப்பதை அவ்வப்போது அசலில் கட்டினால் அந்தத் தேதி முன்னால் வந்துவிடும் என்று டேபிளில் ஒருத்தர் சொன்னார். அந்தத் தீபாவளிக்குக் கிடைத்த போனஸைத் துணி எடுக்காமல் அப்படியே கொண்டுபோய்க் கட்டினேன். ஆப்பைத் திறந்தால் ஒரு வருஷத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மற்றவர்கள் டீ நேரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால், நான் அந்தத் தேதியைப் பார்த்தேன். ஏலச் சீட்டு எடுத்துக் கட்டினேன். ஓவர்டைம் செய்து கட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஆபீஸர் ஒரே கேள்வி கேட்பார். மாதத் தவணையைக் குறைக்கட்டுமா, வருஷத்தைக் குறைக்கட்டுமா? வருஷத்தை என்பேன். தவணை நானூறு, ஐந்நூறு குறைந்தால் அதில் என்ன பெருமை?

அந்த வேகத்தில்தான் அவளுடைய கம்பெனிச் சம்பளம் என் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. எங்கள் காண்ட்ராக்டரிடம் ஒரு ஓவர்லாக் மெஷின் காலியாகி இருந்தது. அவள் கை வேகத்துக்குப் பீஸ் ரேட்டில் ஓட்டினால் வாரம் ஆயிரத்தைந்நூறு கூடுதலாக வரும். பிடித்தமும் கிடையாது. ஜூன் மாதம் பிறந்து இரண்டு மூன்று நாள் இருக்கும். மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன்.

அவள் யோசித்தாள். ஈ.எஸ்.ஐ. இருந்தால் பிரசவத்துக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு உண்டு, தன் லைனில் ஒரு அக்கா அப்படித்தான் வீட்டிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டார் என்றாள். இதை அவள் முன்பும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மா உடுமலைப் பக்கம் கணியூரில் காட்டு வேலைக்குப் போகிறவர். இவள் பிறந்த முப்பதாம் நாள், வரப்போர வேப்பமரத்தில் தூளி கட்டி இவளைப் போட்டுவிட்டுக் களை எடுக்க இறங்கியவர். தன் பிள்ளைக்கு அப்படி ஆகக் கூடாது, ஆறு மாதம் முழுசாகத் தான் கூடவே இருக்க வேண்டும் என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் கேட்டிருந்தாள். நகை கேட்கவில்லை, ஊர் சுற்றக் கேட்கவில்லை. அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

நான் சொன்னேன்: "ஆர்டரே இன்னும் வரல, அதுக்குள்ள ஷிப்மெண்ட் தேதி பேசறயா அம்மணி?"

ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. பிறகு, இந்த மாதம் மட்டும் முடியட்டும், கையிலிருக்கிற ஆர்டரை முடித்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். அதுவரைக்கும் மெஷின் காத்திருக்காது என்றேன். ஈ.எஸ்.ஐ. கார்டைத்தான் கையில் கொடுத்துவிட்டார்களே, ரேஷன் கார்டு மாதிரி அது என்றைக்கும் செல்லும் என்றும் சொன்னேன்.

ஏமாற்றச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்லும்போது என் குரல் இன்னும் கொஞ்சம் உறுதியாகிவிடும். டேபிளில் எல்லோருக்கும் அது தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சனிக்கிழமையே கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் மார்ச்சில் நாள் தள்ளிப்போனது. வயிறு தெரிய ஆரம்பித்த பிறகும் மூன்று மெஷின் தள்ளி எனக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து தைத்தாள். ஐந்தாம் மாதத்தில் எங்களிடம் அறுபதாயிரம் சேர்ந்திருந்தது. பிரசவத்துக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். லீவுச் சம்பளம்தான் வரப்போகிறதே, அதில் தவணை ஓடிவிடும் என்று சொல்லி அத்தனையையும் அசலில் கட்டினேன். ஆப்பை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, நம் பிள்ளை ஒன்பதாவது வரும்போது வீடு நமக்குச் சொந்தம், அதற்கப்புறம் அதுவும் என்னை மாதிரிப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுக்கொள்ளலாம் என்றேன். உங்க பிள்ளைதானே, அதுக்கு முன்னாலேயே விட்டாலும் விடுமுங்க என்றாள்.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் கட்டுச்சோறு கொண்டுவந்து, விருந்து முடிந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த விருந்துக்கு இரண்டு நாள் முன்னால், லீவுச் சம்பளத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஈ.எஸ்.ஐ. ஆபீஸுக்குப் போனோம்.

ஜன்னலுக்கு உள்ளே ஒரு அம்மா கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார். அவர்கள் கணக்கில் எடுக்கிற ஒரு வருஷத்தில், போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரைக்கும், எழுபது நாள் சந்தா கட்டியிருக்க வேண்டுமாம். அவளுக்கு ஐம்பத்தொன்பது இருந்தது. ஏப்ரல், மே, அப்புறம் ஜூனில் அந்த ஒரு வாரம்.

"பதினொன்னுதானுங்களே, ரவுண்டாப் போட்டுக்குங்க" என்றேன். எந்த ஜன்னலில் நின்றாலும் இப்படி ஏதாவது சொல்வது என் வழக்கம்.

அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. என்னைத் தாண்டி அவள் வயிற்றைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, அந்த மாசம் முடியற வரைக்கும் நின்னிருக்கக் கூடாதா?"

"தெரியாமப் போச்சுங்க" என்றாள் அவள்.

என் பக்கம் திரும்பவே இல்லை. இவர்தான் என்று ஒரு விரலை நீட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே வந்ததும் வெயிலாக இருக்கிறது, இளநீர் குடிக்கலாமா என்று கேட்டாள். நான் பாதிதான் குடித்தேன்.

அங்கிருந்து அவளை வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடன் ஆபீஸுக்குப் போனேன். கட்டிய பணத்தில் கொஞ்சம் திருப்பித் தர முடியுமா என்றால், முடியாது. சரி, மாதத் தவணையைக் குறைத்துக் கொடுங்கள் என்றால், அடுத்த முறை அசலில் பணம் கட்டும்போது குறைத்துத் தருகிறேன் என்றார் ஆபீஸர். பணம் இல்லாமல்தான் குறைக்கச் சொல்கிறேன், குறைப்பதற்குப் பணம் கட்டச் சொல்கிறார். வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் டேபிளைச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டவர் அவர்தான்.

நவம்பர் நடுவில், உடுமலை அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. மூக்கு என் மூக்கு, பாவம். தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் இல்லை, வாரத்தில் மூன்று நாள்தான் மெஷின் ஓடியது. என் மூன்று நாள் கூலி தவணைக்கே காணவில்லை. பிள்ளை பெற்றவள் சத்தாகச் சாப்பிடட்டும் என்று அரசாங்கம் போடுகிற பணம் அவள் கணக்கில் ஏறியது. நான் கேட்கவே இல்லை. கணியூரிலிருந்து போனில் அதை எனக்கு அனுப்பிவிட்டு, தேதிக்குக் கட்டிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். டிசம்பர் தவணை அப்படிப் போனது. ஜனவரித் தவணைக்குப் பேங்கில் பணம் போதவில்லை. அபராதம் போட்டு மெசேஜ் வந்தது. அது அவள் போனுக்கும் போகும் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. கடன் அவள் சம்பளச் சீட்டில் வாங்கியதுதானே.

அன்று மத்தியானமே கூப்பிட்டாள்.

"திங்கக்கெழம வந்தர்றனுங்க. அந்த மெஷினு காலியா இருக்குதான்னு கேட்டு வையுங்க."

குழந்தைக்கு அறுபத்திரண்டு நாள். வேண்டாம், நான் வண்டியை விற்கிறேன் என்றேன். வண்டியை விற்றால் இரண்டு பேரும் எப்படி வேலைக்குப் போவோம் என்று கேட்டாள். அந்த 'இரண்டு பேரும்' என்பதிலேயே அவள் முடிவு செய்துவிட்டது தெரிந்தது. எனக்கு அம்மா இல்லை. திருப்பூரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களுக்கு ஆளில்லை. பஞ்சு பறக்கிற டேபிளுக்குக் குழந்தையைக் கொண்டு போகவும் முடியாது. மாமியார் காட்டு வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்றார்.

அழைத்து வரப் போன ஞாயிற்றுக்கிழமை, அவள் உள்ளே பையில் துணி வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் வாசலில் எனக்கு டீயைக் கொடுத்துவிட்டு, தூளியை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"நானாச்சும் இவளை மரத்துல கண்ணுக்கு முன்னால போட்டிருந்தனுங்க மாப்பிள்ளை."

குத்திக் காட்டவில்லை. அவருக்கு அது உண்மையாகப்பட்டது, சொன்னார்.

திங்கட்கிழமை அவள் மெஷினில் உட்கார்ந்தாள். பதினோரு மணி வாக்கில் எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். மூன்று மணிக்கு மறுபடியும். கட்டிங்கில் விழுகிற வெள்ளைப் பனியன் துணித் துண்டுகளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனதைப் பார்த்தேன். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. சாயந்திரம் துவைக்கப் போட்ட அவள் ஜாக்கெட்டுக்குள் அந்தத் துண்டுகள் இருந்தன. காய்ந்து, கஞ்சி போட்ட மாதிரி விறைத்திருந்தன. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன், பால் வாடை. வாளியில் தண்ணீர் பிடித்து நானே அலசிப் போட்டேன். அவள் பார்த்தாள். அதற்கப்புறம் தினமும் அதை அலசுவது என் வேலையாயிற்று. இரண்டு மாதத்தில் துண்டுகள் குறைந்தன. பிறகு ஒருநாள் ஒன்றுமே இல்லை.

டேபிளில் எதிரே இருக்கிறவன், எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துப் பல வாரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை கணியூர் போவோம். ஏப்ரலில் ஆர்டர் திரும்பி வந்தது, தவணை தேதிக்குப் போயிற்று. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காலையில் பூட்டுகிறோம், ராத்திரி திறக்கிறோம். பகல் முழுதும் அந்த வீட்டில் யாரும் இல்லை. குழந்தை இன்னும் அதற்குள் ஒருநாள்கூடத் தூங்கியதில்லை.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு. மாமியார் இடுப்பிலிருந்த குழந்தை, விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தது. அவள் கை நீட்டி வாங்கினாள். உதடு பிதுங்கி, பிறகு ஓவென்று அழுகை. சமாதானப்படுத்திப் பார்த்தாள், பொம்மையை ஆட்டிப் பார்த்தாள். மாமியார் வாங்கிக்கொண்டதும் அழுகை நின்றது. "சாமிக்குத் தூக்கம் வந்துருச்சு, அதான்" என்றார் மாமியார். இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும்.

சாயந்திரம் உடுமலையில் திருப்பூர் பஸ் ஏறினோம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். வெளியே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இன்னையோட ஆறு மாசமுங்க."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"லீவு முடிஞ்சு போச்சு. நாளையிலிருந்து வேலைக்குப் போவோணும்."

கிண்டலாகத்தான் சொன்னாள். உதட்டு ஓரத்தில் சிரிப்புக்கூட இருந்தது. சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்று வரும் இல்லையா, அதற்காகக் காத்திருந்தாள். நானும் தேடிப் பார்த்தேன்.

கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். திருப்பூர் ரெண்டு என்றேன்.