பயணியின் கனிவான கவனத்திற்கு

முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் பேசியவள் அவள். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யாருடைய மூக்குக்கண்ணாடி கழிப்பறை வாசலில் கிடைத்தது என்று எல்லாவற்றையும் ஊருக்குச் சொன்னது அந்த வாய்தான். குரலைத் தெரியாதவர் ஊரில் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அந்தப் பத்துப் பேருக்கும் அவள் அறிவிப்பு அக்கா.

வீட்டிலும் அதே சத்தம்தான். கல்யாணம் ஆகவில்லை, அம்மாவும் அவளும் மட்டும். அம்மாவுக்குக் காது அறவே கேட்காது. "டீ ஆறுது, குடிம்மா" என்று அவள் மாடியில் சொன்னால் கீழ்வீட்டுக்காரர் தன் டம்ளரை எடுத்துக் குடித்துவிடுவார்.

ஒரே வருஷத்தில் இரண்டும் போயின. முதலில் அம்மா. அடுத்த மாதமே பேருந்து நிலையத்துக்கு ஒரு கணினி வந்தது. இரண்டு நாள் அவளை உட்காரவைத்து எல்லா ஊர்ப் பெயரையும், ஒன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது வரைக்கும் எல்லா எண்ணையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு கை குலுக்கினார்கள். குரலை வைத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

அதன்பிறகு அவள் பேருந்து நிலையம் பக்கமே போவதில்லை. தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு நிற்க என்னவோ போலிருந்தது. பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். சில நாள் சாயங்காலம் விளக்கைப் போடும்போதுதான், காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று உறைக்கும்.

ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒரு வனவிலங்கு மீட்பு மையம் இருந்தது. அங்கே ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். மையத்தை நடத்துகிற கால்நடை மருத்துவர் அவளைவிட இருபது வயது சின்னவள்.

"இங்க வேலை செய்யறவங்க பேசவே கூடாது. உங்களால முடியுமாக்கா?"

"பேச வேண்டியதெல்லாம் பேசி முடிச்சாச்சு டாக்டர்."

உண்மையாகத்தான் சொன்னாள். அவளுக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது.

வேலை நீர்நாய்க் குட்டியைப் பார்த்துக்கொள்வது. மழைநாளில் தாய் சாலையில் அடிபட்டுச் செத்துப்போக, ஓரத்துச் சாக்கடையில் கத்திக்கொண்டிருந்த குட்டி. இரண்டு மாதம் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றியிருந்தார் டாக்டர். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் சாம்பல் நிற அங்கியும் முகமூடியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கதவில் மூன்று வரி எழுதி ஒட்டியிருந்தது. பேசாதே. பெயர் வைக்காதே. தடவிக் கொடுக்காதே. ஆறு மாதத்தில் ஆற்றில் விடப்போகிற உயிர் அது. மனிதர் என்றால் அதற்கு யாரோ எவரோ என்றுதான் இருக்க வேண்டும்.

ஒரு மாதம் அவள் வாயே திறக்கவில்லை. தட்டில் மீனை வைப்பாள், தொட்டியைக் கழுவுவாள், நாற்றமெடுக்கும் வைக்கோலை மாற்றுவாள், வெளியே வருவாள். குட்டி முன்னங்கால்களுக்கு நடுவே ஒரு கூழாங்கல்லை உருட்டிப் பிடித்து, மேலே எறிந்து, தவறவிட்டு, மறுபடி எடுக்கும். ஆனால் நீர்நாய் என்று பெயர்தான், தண்ணீரைக் கண்டால் அதற்கு உதறல். நீச்சலைத் தாய்தான் சொல்லித்தரும். தாய் இல்லை. தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கீச்சுக்கீச்சென்று அழும்.

ஒருநாள் பகலில் நல்ல மழை. தகரக் கூரையில் கல்லைக் கொட்டியது போலச் சத்தம். குட்டி விளிம்பில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் சாக்கடை நாளும் மழைநாள்தானே. அவளுக்குப் பொறுக்கவில்லை. இந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று முகமூடிக்குள்ளிருந்தே ஆரம்பித்தாள்.

"பயணியின் கனிவான கவனத்திற்கு. குளத்துக்குச் செல்லும் வண்டி முதலாம் நடைமேடையிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

அழுகை நின்றது. குட்டி திரும்பி, மீசை விறைக்க அவளையே பார்த்தது. அவள் இன்னொரு தரம் சொல்லிக்கொண்டே தண்ணீரில் கையை விட்டாள். குட்டி கையைத் தொடர்ந்து இறங்கியது. முங்கியது, தும்மியது, நீந்தியது.

அப்புறம் அவளை யார் நிறுத்துவது? தினமும் அறிவிப்பு. மீன் வந்தால் அறிவிப்பு, வைக்கோல் மாற்றினால் அறிவிப்பு. பிறகு அறிவிப்பு இல்லாத பேச்சும் வந்தது. முழங்கால் வலி, மாடிப்படி, அம்மாவின் கட்டிலை விற்கவும் மனமில்லாமல் அதில் படுக்கவும் மனமில்லாமல் இருப்பது, எல்லாம். குட்டி அவள் செருப்பின்மேல் மோவாயை வைத்துக்கொண்டு கேட்கும். பயணி என்று பெயரும் வைத்தாயிற்று. கதவில் இருந்த மூன்று வரியில் இரண்டு போயிற்று. மூன்றாவதும் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை. அந்த ஏழு வாரமும் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

குட்டு உடைந்தது மோட்டார் பழுது பார்க்க வந்தவரால். அவர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டே, பயணியை அதற்குள் மாற்றியிருந்த பெரிய குளத்துக் கம்பிவேலிக்குள் நுழைந்தார். பயணி தண்ணீரிலிருந்து ஏறி ஓட்டமாக ஓடி, அவர் பூட்ஸில் மோவாயை வைத்து, அப்படியே கருவிப் பைக்குள் புகுந்துகொண்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

"இதுகிட்ட யார் பேசினது?"

"நான்தான் டாக்டர்."

டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. தணிவாகத்தான் சொன்னார். "ஆத்துல கீழ போனா வலை போடறவங்க இருக்காங்கக்கா. மீனைத் திருடற பிராணின்னு நீர்நாயைக் கண்டாலே அவங்களுக்கு ஆகாது. பேச்சுக்குரல் கேட்டு இது நேரா படகுகிட்ட போகும். துடுப்பால ஒரே போடு. மனுஷனை நம்பாம இருந்தாதான் இது பிழைக்கும்."

"விடலைன்னா?"

"ஆயுசுக்கும் கூண்டுதான். சிமெண்ட் தொட்டி, கம்பி."

கூண்டு என்றால் இங்கேயே இருக்கும், தினமும் தன் செருப்பில் மோவாயை வைக்கும் என்ற நினைப்பு அவளுக்கு ஒரு கணம் இனித்தது. இனித்ததற்காக மறுகணமே வெட்கப்பட்டாள்.

"நான் கெடுத்தது. நானே சரி பண்றேன்."

மறுநாள் அங்கியும் முகமூடியும் இல்லாமல், வெறும் சேலையில், கையில் தகரத் தட்டோடு வேலிக்குள் போனாள். தண்ணீர்க் குழாயோடு டாக்டர் மறைவில் நின்றார். அவள் அறிவிப்பைச் சொன்னாள். பயணி பாய்ந்து வந்தது. அவள் தட்டை ஓங்கி அடித்தாள். டாக்டர் தண்ணீரைப் பீய்ச்சினார். மிரண்டுபோன குட்டி எங்கே ஓடியது தெரியுமா? அவளிடமே ஓடிவந்து, சேலைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. அந்தச் சத்தத்திலிருந்து காப்பாற்ற அதற்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

"இன்னிக்கு இது போதும்க்கா" என்றார் டாக்டரே, தாங்காமல்.

அவள் குட்டியிடமிருந்து சேலையை விடுவித்துக்கொண்டு தட்டை மறுபடி அடித்தாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது. அடித்தாள்.

இரண்டாம் வாரம், காயம் ஆறிய ஒரு பெரிய பெண் நீர்நாயை அதே குளத்தில் விட்டார்கள். வலையில் சிக்கிக் கால் கிழிந்து வந்தது அது. மனிதர் எப்பேர்ப்பட்டவர் என்று அதற்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவள் குரல் கேட்டதுமே வெடுக்கென்று ஒரு சீழ்க்கை அடித்து முங்கிவிடும். பயணி முதலில் அவளைப் பார்க்கும், பிறகு சீழ்க்கை வந்த பக்கம் பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமாக முதலில் அந்தப் பக்கம் பார்க்கத் தொடங்கியது. இரவில் இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு தூங்குவதாகக் காவலாளி சொன்னார். அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

ஆற்றில் விடும் நாள் வந்தது. மேல்கரையில், ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில், காலை வெயிலில் வேனை நிறுத்தினார்கள். கூண்டுக் கதவு திறந்ததும் பெரியது அம்பாகப் போனது. பயணி பின்னாலேயே. கொஞ்ச நேரத்தில் இரண்டும் எதிர்க்கரைப் பாறையில் ஏறின. பயணி ஒரு கல்லைக் கண்டெடுத்து உருட்டத் தொடங்கியது.

"கூப்பிடுங்கக்கா" என்றார் டாக்டர். "வந்துதுன்னா பிடிச்சு வேன்ல ஏத்திடணும். அப்புறம் கூண்டுதான்."

கையில் தட்டு இல்லை. குழாய் இல்லை. குரலைக் கொஞ்சம் மாற்றிக் கரகரவென்று கூப்பிட்டால் அது வரவே வராது. ஆனால் அது ஏமாற்று. நாளைக்கு ஒரு படகிலிருந்து இனிமையான குரல் ஒன்று கூப்பிட்டால் என்ன ஆகும்? அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்துக் குரல், மழைநாளில் பேசிய குரல், இருந்த பிரியம் மொத்தத்தையும் போட்டுக் கூப்பிட்டாள்.

"பயணியின் கனிவான கவனத்திற்கு!"

பயணி தலையைத் தூக்கியது. கல் நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவளைப் பார்த்தது. ஒரு கால் முன்னே வந்தது. வந்துவிடாதே என்று மனசு கெஞ்சியது, வா என்றும் அதே மனசுதான் கெஞ்சியது. வெடுக்கென்று ஒரு சீழ்க்கை. இந்தத் தரம் அடித்தது பெரியது இல்லை, பயணி. அடித்துவிட்டு முங்கியது. வெகுதூரம் தள்ளி, நாணல் ஓரத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன, மறைந்தன.

"ஜெயிச்சுட்டீங்கக்கா!" டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டைவிட்டுக் கிளம்புகிற யாரையும் அவள் 'போயிட்டு வா' என்றுதான் அனுப்பியிருக்கிறாள். வெறும் 'போ' என்று வாயில் வராது. யாருக்குத்தான் வரும்? ஆற்றைப் பார்த்து, "போ" என்றாள். "வந்துடாத. போ."

திரும்பும்போது எங்கே இறக்கிவிட வேண்டும் என்று டாக்டர் கேட்டார். ஏதோ நினைவில் பேருந்து நிலையம் என்று சொல்லிவிட்டாள். இறங்கியபிறகுதான் புரிந்தது. கால் வலித்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். தலைக்கு மேலே அவள் குரல் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தது. தகரத் தட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அது சொன்னதும் ஜனங்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அது காட்டிய பக்கம் ஓடினார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மாள், "என்ன சொல்றாங்க? எனக்குக் காது சரியா கேக்காது" என்றாள்.

அவள் அந்தக் காதருகே குனிந்து, அன்றைய தகரக் கூரை மழையையும் மீறும்படி, முழுசாக, ஒரு எழுத்து விடாமல் சொன்னாள். பக்கத்தில் நின்ற நாலு பேர் திரும்பி ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

"அட, ஆமா, என் வண்டிதான்!" அம்மாள் பையை வாரிக்கொண்டு எழுந்தாள். இரண்டடி போனவள், முன்பின் தெரியாத அவளைத் திரும்பிப் பார்த்து, "அப்ப நான் வரேம்மா" என்றாள்.

"போயிட்டு வாங்க" என்றாள் அவள். சொன்ன பிறகு, வெகுநேரம் அழுதாள்.