இரண்டு மழைக் கவிதைகள்

எங்கள் தமிழ் டீச்சர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மழை என்றாலே அவருக்கு முகம் மலர்ந்துவிடும். தூத்துக்குடியில் உப்பளக்காரர் பிள்ளைகளை மழையைப் பற்றிக் கவிதை எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. மற்றவர்கள் எல்லாம் குடையும் காகிதக் கப்பலுமாக எழுதித் தள்ளியிருந்தார்கள். டீச்சர் இரண்டு நோட்டுகளை மட்டும் தனியே எடுத்து வைத்தார். ஒன்று என்னுடையது. இன்னொன்று என் பக்கத்தில் உட்காருகிற மாப்பிள்ளையூரணி கிராமத்துக்காரியுடையது. அவளுடைய அம்மா எங்கள் அப்பாவின் உப்பளத்தில்தான் உப்புச் சுமந்துகொண்டிருந்தார்.

இரண்டையும் டீச்சர் கரும்பலகையில் அருகருகே எழுதிப்போட்டு, எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்.

மழை வந்தது. உப்பு கரைந்தது. அப்பாவின் தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. இது நான்.

மழை வந்தது. உப்பு கரைந்தது. கவிழ்த்த தட்டு கவிழ்த்தபடியே இருந்தது. இது அவள்.

“மழை, உப்பு, தட்டு, மூணும் ஒண்ணா இருக்குது. யாரு யாரைப் பாத்து எழுதுனீங்க? சொல்லலைன்னா ரெண்டு பேர் வீட்டுக்கும் போன் பண்ணுவேன்” என்றார்.

அந்த வாரம் பருவம் தப்பிப் பெய்த மழையில் குவித்து வைத்த உப்பெல்லாம் போய், அப்பா வீட்டில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து போன் போனால் என் கதி என்ன? போதாக்குறைக்கு அவர் சாப்பிடாமல் எழுந்துபோனதை வேறு ஊரறிய எழுதி வைத்திருக்கிறேன்.

பக்கத்தில் நின்றவள் மெல்ல, “ஏளா, நான் பாத்து எழுதலன்னு சொல்லு” என்றாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. கரும்பலகையையே வெறித்துக்கொண்டிருந்தேன். தப்பிக்கிற வழி அதிலேயே இருந்தது.

“டீச்சர், என் கவிதைல தட்டுல சோறு இருக்கு. அவ அவசரத்துல பாத்து எழுதும்போது சோத்த விட்டுட்டா.”

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையைத் திரும்ப ஒருமுறை படித்தார். பிறகு போன் பேச்சையே எடுக்காமல், அவளருகில் வந்து குனிந்தார்.

“காலைல என்ன கண்ணு சாப்பிட்டே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். காப்பியடித்தவளைப் பிடித்து வைத்துக் கேட்கிற கேள்வியா இது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு சுலபமான கேள்விக்கு அவள் ஏன் முழிக்கிறாள் என்றும் புரியவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சட்டென்று சொல்லியிருப்பேன், நாலு இட்லி என்று.