சாட்டிலைட் போட்ட கோடு

என் தங்கை வீட்டுக்காரர் சவூதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. மனிதர் கெட்டவராக இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவர், மரியாதை தெரிந்தவர், வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவார். அதனால் எரிச்சலை வெளியே விடவும் வழியில்லை.

அத்தாவுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. அவர் பெற்றது நாங்கள் இரண்டே பெண்கள். மூத்த மாப்பிள்ளையான என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் வேலை பார்த்தார். அத்தா வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டாலும் ரேடியோ கரகரத்தாலும் இவருக்குத்தான் ஆள் வரும். இவரும் ஷிஃப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு பஸ் ஏறுவார். இவரிடம் உள்ளங்கையளவில் ஒரு திசைகாட்டி இருந்தது. சொந்தத்தில் யார் வீடு மாறினாலும் அதை எடுத்துக்கொண்டு போய், தொழும்போது முகம் வைக்க வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுப்பார். மேற்கு, அதிலிருந்து கொஞ்சம் வடக்கே என்று இவர் கை நீட்டினால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில் அத்தா ஓசூரில் சைட் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார். தொழுகைக்கென்று தனியாக ஓர் அறை. அதன் சிவப்புத் தரையில், வரிசையாக நிற்க ஒரு வெள்ளைக் கோடு வர வேண்டும் என்பது அவர் ஆசை.

"கோட்ட நீங்கதான் போட்டுக் குடுக்கணும் மாப்ள" என்று இவரிடம் சொன்னார். அந்த வீட்டின் செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாவற்றிலும் தங்கை வீட்டுக்காரரின் சவூதிப் பணம் கலந்திருந்தது. அந்தக் கோடு ஒன்றுதான் எங்களுடையது.

சுவர் எழும்பி, கூரை போடுவதற்கு முன்னால் அவர் லீவில் வந்து இறங்கினார். கையில் கறுப்பாக, சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு மெஷின். அவர் வேலை பார்க்கும் பைப்லைன் கம்பெனியில், பாலைவனத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் வைத்திருப்பதாம். வானத்திலிருக்கும் சாட்டிலைட்டுகளைப் பிடித்து நாம் நிற்கிற இடத்தைச் சொல்லிவிடுமாம். மக்கா இருக்கும் இடத்தை அதற்குள் ஏற்றி வைத்திருந்தார். வந்த மறுநாளே எல்லோரும் சைட்டுக்குப் போனோம்.

கூரையில்லாத அறையின் நடுவில் நின்று மெஷினை மேலே காட்டினார். அது சாட்டிலைட்டைத் தேடிக்கொண்டிருக்க, அத்தா, மேஸ்திரி, சித்தாள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். என்ன தெரியும், வெயில்தான் தெரிந்தது. பிறகு திரையில் ஒவ்வொன்றாக வந்தது. கடல் மட்டத்திலிருந்து ஓசூர் எவ்வளவு உயரம், நடந்தால் என்ன வேகம், இப்போது மணி என்ன, இங்கிருந்து மக்கா எத்தனை கிலோமீட்டர்.

"எல்லாம் இதுக்குள்ளயேவா!" என்றார் அத்தா. என் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தைக் கழற்றி, மெஷினைப் பார்த்துத் திருத்தி வைத்தார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனிதர் வாயெல்லாம் பல்லாக, மெஷினுக்குள் தலையை விட்டுவிடுகிறவர்போல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோஷம் என்ற ஒன்றை இவருக்கும் சேர்த்து அல்லா எனக்கே கொடுத்துவிட்டான் போலிருக்கிறது.

கடைசியாக, மக்கா இருக்கும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி வந்தது. தங்கை வீட்டுக்காரர் நடந்தபோது ஒழுங்காகக் காட்டியது. நின்றால் இங்கும் அங்கும் ஆடியது. மறுபடி நடந்தார், சரியானது. நின்றார், மறுபடி ஆட்டம். நாம் நடந்தால்தான் அம்புக்குத் திசை தெரியுமாம். மணல் குவியலைச் சுற்றி அவர் நடக்க, பின்னாலேயே அத்தாவும் நடந்தார்.

"ஏன் பாய், நின்னா தெரியாதாமா? நீங்க நின்னுதான தொழுவீங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அந்த மேஸ்திரிக்கு அன்றைக்கு டீ நானே ஊற்றிக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர்தான் முதலில் கண்டுபிடித்தார். "அம்புதான் ஆடுது தம்பி, கீழ இருக்கற நம்பர் ஆடல பாருங்க. எரநூத்தித் தொண்ணூறு டிகிரி. அது போதும்" என்றபடி சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். இரும்பு முள்ளை இழுக்கும் என்று கம்பிக்கட்டுக்குத் தள்ளிப் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த டிகிரிக்கு நேராக மேஸ்திரியை நூல் பிடிக்கச் சொன்னார். அதற்குக் குறுக்கே கோடு எங்கே வரும் என்று இரண்டு சுவரிலும் பெயின்ட்டால் குறித்தார். எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

தங்கை வீட்டுக்காரர் மனதாரச் சொன்னார்: "அண்ணே இல்லேன்னா இன்னைக்கு நான் சுத்திக்கிட்டேதான் இருந்திருப்பேன்."

நான் அத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும் எனக்கு. அத்தா குனிந்து திசைகாட்டியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு தங்கை வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார்.

"அடுத்த தடவ வரும்போது, இந்தத் திசைகாட்டியும் உள்ளயே இருக்கற மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்க மாப்ள."

"ஆமா தம்பி, கெடச்சா வாங்கியாங்க, நானும் பாக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர். திரும்பி வருகிற வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. ஏன் என்று கேட்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை, மெஷினைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

குடிபோன பிறகு, வருகிறவர்களையெல்லாம் அத்தா அந்த அறைக்குக் கூட்டிப் போவார். "சாட்டிலைட் போட்ட கோடு. சின்ன மாப்ள உபயம்" என்பார். அந்தக் கோட்டில் நின்று கை கட்டினால் அந்தக் குரல்தான் என் காதில் விழும், ஓதுகிறது மறந்துபோகும். அல்லா மன்னிக்கட்டும். அதனால் அந்த வீட்டுக்குப் போனால் நான் சமையலறையில் பாயை விரித்துக்கொண்டு, எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்பேன்.

"உள்ள கோடே இருக்கே, அங்க போய்த் தொழேன்" என்பார் இந்த மனுஷன்.

"நீங்க காட்டுங்க" என்பேன்.