உப்பில்லாச் சோற்றுடன் ஓசூருக்கு

ஞாயிறு காலை ஆறு மணிக்கு முருகனுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, நானும் என் மனைவி சரோஜாவும் சாமல்பட்டியிலிருந்து புறப்பட்டோம். மகளுக்கு ஓசூரில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். பெண்ணைப் பெற்றவர்கள் அந்த வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் முடிந்தது. சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று பொருள்.

சரோஜாவின் பையில் ஒரு டிபன் டப்பா. அவளுக்கு இருதயம் பலவீனம், கால் வீங்கும். உப்பைக் குறைக்கும்படி டாக்டர் சொல்லி எட்டு மாதம். முதல் வாரம் அழுதுகொண்டே சாப்பிட்டாள். பிறகு கொள்ளுக் கடையலில் பூண்டு தட்டிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து, களியோடு ருசித்துத் தின்னப் பழகினாள். "இப்பத்தாங்க ராகி வாசமே தெரியுது" என்பாள்.

எட்டரை மணி, கிருஷ்ணகிரி பேருந்து நிலையம். இருபது ரூபாய்க்கு வெள்ளரிக்காய் வாங்கினோம். உப்பு, மிளகாய்த்தூள் வேண்டாம் என்றதும் விற்றவர், "மாட்டுக்கா வாங்கறீங்க?" என்றார். சரோஜாதான் முதலில் சிரித்தாள்.

அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். வழி முழுக்க லாரியும் கம்பெனி பஸ்ஸும். பதினொரு மணிக்கு ஓசூர், ஆட்டோவுக்கு நூற்றிருபது.

மாப்பிள்ளை வண்டி உதிரிபாகக் கம்பெனியில் வேலை. நல்ல குடும்பம். மதியம் இலையில் புளிக்குழம்பு, அப்பளம், ஊறுகாய். சரோஜா என்னைப் பார்த்தாள். முன்பு வந்த ஓர் இடம், தாயின் நோய் மகளுக்கும் வரும் என்று ஒதுங்கிப் போனது. அந்தப் பயத்தில், "அவ முருகனுக்கு உப்பில்லா விரதங்க" என்றேன்.

மாப்பிள்ளையின் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அப்ப விளக்கு வெச்சு இங்கயே விரதம் விடட்டும். நீங்க மட்டும் கை நனைச்சாப் போதுங்களாண்ணா? அண்ணி நம்ம வீட்டு உப்பைத் தொடாம போலாமா?"

அவர் கணவரும், "பொண்ணுக்காவது உப்புப் போடத் தெரியுங்களா?" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரோஜா மதியம் டப்பாவில் கொண்டுவந்த களியைத் தின்றாள். ஆறேகாலுக்கு விளக்கேற்றி, அவளை முதல் ஆளாக உட்காரவைத்தார்கள். "நல்லாச் சாப்பிடுங்கண்ணி" என்று அந்தம்மா ஊறுகாயை இரண்டு தரம் வைத்தார். பழக்கம் விட்டுப்போன நாக்கில் எல்லாமே கரித்திருக்கும். அவள் கண் கலங்கியது. அது பக்தி என்று அந்தம்மா நினைத்து, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திங்கள் காலை, வீடு. சரோஜா கட்டிலில் உட்கார்ந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"நல்ல இடங்க. மனசாரப் போட்டாங்க" என்றாள்.

உண்மைதான். அவர்கள் அன்பாகத்தான் போட்டார்கள். பொய் என்னுடையது. அதை முருகன் பெயரில் சொன்னேன், தின்றவள் அவள். அன்று கற்பூரம் ஏற்றக் கை வரவில்லை. ஓசூரிலிருந்து போன் வந்தது: வெள்ளிக்கிழமை உறுதி செய்ய வாங்க, விருந்து அவர்கள் வீட்டில்தானாம். "அண்ணிக்கு அன்னிக்கு விரதமெல்லாம் வெச்சுடாதீங்க" என்றார் அந்தம்மா.

சரி என்றேன்.